மேட்டில் நட்ட நாலு கால்

பத்தாவதில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள் நான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் என் வீட்டுக்காரர் அதை விடுவதாயில்லை. சாமை அளக்கும்போது ஒரு படி கூடக்குறைய விழுந்தால் போதும், "கணக்குல ஃபெயிலாச்சே இவ" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் மலைமேல் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை போடலாம் என்று இறங்கினோம். கிடைத்த இடம் ஆமை முதுகு மாதிரி ஒரு மேடு. மழை பிடிப்பதற்குள் கூரை ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷம் கடையே கிடையாது. மலைக்குக் கீழே சந்தவாசலிலிருந்து பன்னிரண்டடி தகர ஷீட்டுகள் வந்து இறங்கின. கால் நடும்போது நான் சும்மா இருந்தேனா? "நேரா நிக்கணும்னா தரைக்கும் காலுக்கும் தொண்ணூறு டிகிரி இருக்கணும், புஸ்தகத்துலயே போட்டிருக்குது" என்று ஒவ்வொரு காலுக்கும் மூலைமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். மேட்டின் இந்தச் சரிவில் இரண்டு, அந்தச் சரிவில் இரண்டு.

ஷீட்டை ஏற்றினால் எட்டவில்லை. கீழே பதினோரு அடி இருந்த இடைவெளி மேலே பதின்மூன்றாகியிருந்தது. இந்தப் பக்கத்துக் கால்கள் இப்படியும் அந்தப் பக்கத்துக் கால்கள் அப்படியும் சாய்ந்து நின்றன. "இன்னாடி இது? கணக்குல ஃபெயிலாச்சே இவ!" என்றார் ஏணியிலிருந்தபடியே. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் தனியாகப் போய் அந்த மேட்டில் உட்கார்ந்தேன். ஒரே மூடுபனி. தரை தெரியவில்லை. எங்கே மலை ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. எதிரே தைலமரங்கள் மட்டும் அந்த வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தன, ஒன்றையொன்று நெருங்காமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல். எவ்வளவு நேரம் பார்த்திருந்தேனோ. தூக்கத்துக்குள் இருப்பதுபோல இருந்தது. பனி மெல்லக் கலைந்தபோது மரங்களுக்கு அடியில் தரை சாய்ந்து கிடந்தது. மரங்கள் சாயவில்லை. அட கடவுளே! புத்தகத்தில் தரை சமமாக இருந்தது. எங்கள் மலையில் சமம் எங்கே இருக்கிறது?

ஒரு கழியின் இரண்டு முனையிலும் பூ கட்டுகிற நூலைக் கட்டி, நூல் நுனியில் கல்லைத் தொங்கவிட்டேன். இரண்டு நூலுக்கும் நடுவே மேலே எத்தனை முழமோ கீழேயும் அத்தனை முழம். சரிவில் கொண்டுபோய்ப் பிடித்தேன். அங்கேயும் அப்படியே.

அவர் வந்ததும், "யோவ், நாலு காலையும் புடுங்குய்யா. தப்பு என்னுதுதான். தரையைப் பாக்காத, இந்த நூலைப் பாரு" என்றேன். அவர் நூலைப் பார்த்தார், சாய்ந்து நின்ற கால்களைப் பார்த்தார், கடப்பாரையை எடுத்தார்.

சாயங்காலம் கடைசி போல்ட்டை முடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்றே இல்லை. மழை நூல் நூலாக நேரே இறங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்கள் கூரைக்குள் ஓடிவந்தார்கள். முந்தின நாள் சிரித்தவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "கச்சிதமா உக்காந்திருக்குதே, மேஸ்திரி யாருங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

"கணக்குல ஃபெயிலாச்சே, இவதான்."