ப்ளக் செருகாமல் ஒரு கிட்டார்

எனக்கு ஷாக் அடித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா கைதட்டினார். நான் ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்புக் கச்சேரி, மேடையில் பளபளா சட்டை போட்ட கிட்டார்காரன் ஒருவன் தலையை வெட்டி வெட்டி இழுக்கிறான் என்றால் மனிதர் வேறு என்ன நினைப்பார்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வாரநாட்களில் நான் அடையாறில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே கோரஸ் பாடுகிறவன். இந்த இருவரில் நீ யார் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவது ஆளைத்தான் கைகாட்டுவேன்.

நடந்தது இதுதான். எங்கள் மைக் செட்காரன் சாந்தோம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவன். என் வயதுதான், ஆறு வருஷப் பழக்கம். அன்றைக்கு என் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக் மண்டபத்து சாக்கெட்டில் பொருந்தவில்லை. ப்ளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊரில் எல்லா மைக் செட்காரர்களும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். வெறும் வயரை ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்கினான். இரண்டு வயருக்குத்தான் தீக்குச்சி. மூன்றாவது, எர்த் வயர், சும்மா தொங்கியது. ஆம்ப்ளிஃபயருக்குள் எங்கோ கசிந்த கரண்டு போக வழியில்லாமல் கேபிள் வழியாக என் கிட்டார் கம்பிகளுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பியை மட்டும் தொட்டபடி மரமேடையில் நின்றவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோரஸ் வரும் நேரம், மைக்கைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று வலது கையால் அதைப் பிடித்தேன். மைக்கின் இணைப்பு வேறு சுவர் சாக்கெட்டில், ஒழுங்கான எர்த்தோடு இருந்தது. கரண்டு தேடிக்கொண்டிருந்த வழி நான்தான்.

பிடித்த இரண்டு கையும் விடவில்லை. விட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, விரல்கள் கேட்கவில்லை. கத்த வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. போகிறோம் என்று நிதானமாகத் தெரிந்தது. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் குலை நடுங்குகிறது. மைக் செட்காரன்தான் ஓடிவந்து வயரைப் பிடுங்கி எறிந்தான். தீக்குச்சி என்பதால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. நான் விழுந்த வேகத்தில் கிட்டாரின் கழுத்து, அதாவது நெக், முறிந்து தொங்கியது. இடது கையில் இரண்டு விரல் நுனிகள் கருகியிருந்தன.

விரல்கள் ஆறிவிட்டன. பயம் ஆறவில்லை. ஃபேன் ஸ்விட்சைக்கூட நான் தொடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் துண்டைச் சுற்றித் திறந்தேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பயந்து சட்டையைக் கசங்கலாகவே ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். மயிலாப்பூரில், கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் அதுவரை செருப்புக் கால் பட்டதில்லை.

"ஏன்னா, ஆத்துக்குள்ள செருப்பா? அதுவும் ஸ்வாமி அலமாரி முன்னாடி?" என்றாள் மனைவி.

"ஸ்வாமி மன்னிச்சுடுவார். கரண்டு மன்னிக்காது."

"இப்படியே பயந்துண்டு எத்தனை நாளைக்கு?"

அவள் சிரிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

மைக் செட்காரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து வாசல் கேட்டருகே நிற்பான். உள்ளே வரமாட்டான். என் மனைவியிடம், "எப்டி கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். நான் உள்ளே இருந்தபடி அவன் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அவன்தான் காப்பாற்றினான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனால்தான் காப்பாற்ற வேண்டியதாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் குழுத் தலைவர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "சிங்கப்பூர்லேர்ந்து கீபோர்டு வந்துடுச்சு. ஒரு பட்டனை அழுத்தினா கிட்டார் சத்தம் வருது. வாசிக்க மட்டும் எனக்கு ஆள் வேணாம். வாசிச்சுக்கிட்டே பாடறவன்தான் வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை மேடையில ரெண்டும் செய்வேன்னா வா. இல்லேன்னா சொல்லிடு, வருத்தமில்லை" என்றார்.

ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் மைக். நான் மறுபடி செய்ய வேண்டியது அதைத்தான். செய்யாவிட்டால் திங்கள் முதல் ஞாயிறு வரை நான் குமாஸ்தா.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ராயப்பேட்டையில் மாடியிலிருந்த ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். மைக் செட்காரன் கீழே எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். தோளில் ஒரு பெரிய பை. மனைவி சொல்லியிருக்க வேண்டும். இருவரும் படியேறினோம்.

வாசலிலேயே சோதனை ஆரம்பித்தது. "செருப்பை வெளில விடுங்க சார், உள்ள சரஸ்வதி இருக்கா" என்றார் கடைக்காரர். என் காலில் அதே ரப்பர் செருப்பு. இரண்டு நிமிஷம் நின்று பார்த்தேன். வேறு வழியில்லை. வெறுங்காலோடு போய், அங்கிருந்த மர ஸ்டூலில் ஏறி, காலைத் தரையில் படாமல் தூக்கி மடக்கி உட்கார்ந்துகொண்டேன். இசைக்கலைஞர்கள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று கடைக்காரருக்குப் பழகியிருக்கும்.

மூன்று கிட்டார்களை எடுத்து வைத்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நெக்கைப் பார்ப்பதற்குக் கரண்டு வேண்டாம். அது இடது கை பிடிக்கிற பிடி, அவ்வளவுதான். பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எனவே பிடித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் நெக்கையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவில் செய்த கிட்டாரின் நெக் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் முனைகளை ஓரத்தில் சரியாகத் தேய்க்கவில்லை. மேலும் கீழும் கையை ஓட்டினால் உள்ளங்கையைப் பிராண்டியது. அதை ஒதுக்கிவிட்டேன். கொரியக் கிட்டாரின் நெக் தடியானது, கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி மாதிரி. கட்டைவிரல் பின்னால் நன்றாக ஊன்றிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கண்ணாடி போல வார்னிஷ் அடித்திருந்தார்கள். என் கை பயத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வேர்வைக் கை வார்னிஷில் ஒட்டியது, நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்றது. எடுத்துப் பார்த்தால் நெக் முழுக்க என் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

ஜப்பான் கிட்டார்தான் என்னைத் தொந்தரவு செய்தது. மெலிந்த நெக், வார்னிஷ் இல்லாமல் வழவழப்பாக இழைத்த மரம். வேர்வையை அது பொருட்படுத்தவில்லை. கருகிய இரண்டு விரல் நுனிகளிலும் எனக்கு உணர்ச்சி பாதிதான் திரும்பியிருந்தது. மற்ற இரண்டு கிட்டார்களிலும் கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன், இதில் கம்பி விரலுக்கடியில் தானாக வந்து நின்றது. கரண்டில்லாமல் மெல்லிய சத்தத்தில் ஒரு பல்லவியைத் தட்டிப் பார்த்தேன். ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சந்தோஷமாக இருந்தது. இருந்ததே தெரியாமல் உடனே போய்விட்டது, ஏனென்றால் கடைக்காரர் கேபிளைக் கையில் எடுத்தார்.

"நெக்கு போதும் சார். பிக்கப் பாக்க வேணாமா? ப்ளக் பண்ணாம அது எப்படித் தெரியும்?"

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தத்துக்குத்தான் பிக்கப் என்று பெயர். ஜப்பான் கிட்டாரில் இருந்தது சிங்கிள் காயில், காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு செம்புச் சுருள். கொரியக் கிட்டாரில் இருந்தது இரட்டைச் சுருள், ஹம்பக்கர் என்பார்கள். அதில் சத்தம் கனமாக வரும், இரைச்சல் இருக்காது. சினிமாப் பாட்டுக்கு ரிதம் வாசிக்க சிங்கிள் காயில்தான் எடுப்பு, தபலாவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கணீரென்று கேட்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கடைக்காரர் ஜப்பான் கிட்டாரில் கேபிளைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. ஸ்டூலில் காலை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன்.

"கம்பி மேல கை வைங்க, நின்னுடும்" என்றார்.

நான் வைக்கவில்லை. அவரே வைத்தார். இரைச்சல் நின்றது. எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. அதுவரை நூறு முறை பார்த்திருப்பேன். அன்றுதான் யோசித்தேன், மனிதன் தொட்டால் ஏன் நிற்க வேண்டும்? தொட்டவன் உடம்பு அந்தக் கம்பி வழியாக எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது, அதனால். அப்படியென்றால் கம்பிக்கும் எனக்கும் நடுவே எப்போதும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

"ஹம்பக்கரே எடுத்துக்கறேன்" என்றேன். குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது. "தடி நெக்கா இருந்தாலும் பரவாயில்லை. அது இரையாது."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மைக் செட்காரன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "இரைச்சல் வேற, ஷாக்கு வேற நைனா. கொலைக்கற நாய் கடிக்காது. அன்னிக்கு உன் கிட்டாரு சத்தமே போடல, நெனப்பு கீதா? பிக்கப்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் வுட்ட எர்த்துல கீது."

'நான் வுட்ட' என்று அவன் சொன்னது ஐந்து வாரத்தில் அதுதான் முதல் தடவை. நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

அவன் பையைத் திறந்தான். சத்தத்தை ஏற்றி இறக்குகிற தன்னுடைய மிக்ஸர், ஒரு மைக், டெஸ்டர், புத்தம்புது மூன்று முனை ப்ளக்குகள். கிட்டாருக்கும் மைக்குக்கும் எர்த் ஒன்றாகவே இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து இழுத்து இணைத்தான். டெஸ்டரைக் கம்பியில் வைத்தான். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை. மைக்கில் வைத்தான், எரியவில்லை.

"போதுமா?" என்றான்.

"போதாது" என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போதவில்லை. விளக்கு எரியாததை நம்பிக் கையை வைக்க என்னால் முடியாது.

"செரி, நான் புடிக்கறேன். நீ பாரு."

முதலில் புறங்கையால் தொட்டான். எலக்ட்ரீஷியன்கள் அப்படித்தான் தொடுவார்கள், அடித்தால் கை தானாகச் சுருண்டு விலகிவிடும். "அப்படியில்லை" என்றேன் நான், இரக்கமே இல்லாமல். "நான் பிடிச்ச மாதிரி பிடி."

அவன் ஜப்பான் கிட்டாரைத் தோளில் மாட்டினான். இடது கையால் ஆறு கம்பிகளையும் இறுக்கிப் பிடித்தான். மைக்கை நோக்கி வலது கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், மார்புக்கு இறக்கி, இரண்டு தோளிலும் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரரும் நானும் மூச்சை விட்டோம். அவன் கண்ணைத் திறக்காமல் இன்னும் பிடித்தபடியே நின்றான், நான் பிடித்திருந்த அத்தனை நேரத்தையும் தானும் பிடித்துத் தீர்க்க வேண்டும் என்பது போல. "விடுடா, போதும்" என்று நான் போய் அவன் கையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அவன் கையும் என் கையைப் போலவே நனைந்திருந்தது.

ஸ்டூலை விட்டு இறங்கியிருக்கிறேன், வெறுங்காலோடு தரையில் நிற்கிறேன் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அவனிடமிருந்து கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று எழுதலாம், பொய். பயத்தோடுதான் கம்பியைப் பிடித்தேன், பயத்தோடுதான் மைக்கைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு ஒரு வரி பாடினேன். சுருதி சேரவில்லை. அவன் சாக்கெட் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ப்ளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜப்பான் கிட்டாரைத்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன், பாடினேன். அதற்கப்புறம் குழு கலையும்வரை பல வருஷங்கள் வாசித்தேன். நான் கோரஸுக்கு மைக்கைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அவன் மிக்ஸரை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் ப்ளக் பக்கத்தில் நின்றுகொள்வான். பாட்டு நடுவே என் மைக்கின் சத்தத்தை ஏற்றிவிட ஆளில்லாமல் போகும். உன் கோரஸ் எப்போதும் அமுங்கியே கேட்கிறது, டாக்டரிடம் தொண்டையைக் காட்டு என்று தலைவர் கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். காரணத்தை நாங்கள் இருவருமே அவரிடம் சொல்லவில்லை.