வியாழக்கிழமைக்குச் சொந்தமான ஊர்

போன கிழமை, கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடைக்கு நடந்து போனேன். பஸ் இருந்தது. ஆனால் சொல்லவேண்டியதை வாய்க்குள் அடுக்கிப் பார்க்க அந்தத் தூரம் தேவைப்பட்டது.

என் தங்கை வதனி இங்கிலாந்தில் ஒரு சின்னச் சந்தை நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய கணவர் ரவி இந்த மாதத் தொடக்கத்தில்தான் காலமானார். நெஞ்சுவலி என்றார்... அவ்வளவுதான். பாமன்கடையில் இருப்பது ரவியின் அம்மா. எங்களுக்கு மாமி. அவரிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டும் — சாவுத் தீட்டான துடக்குக் கழியுமுன் மகனின் சந்தைக் கடையை மருமகள் திறக்கலாமா என்று. யாரால் கேட்க முடியும் இதை?

அந்த ஊரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் சரிந்த சதுக்கம். நடுவில் கற்சிலுவை, அதன் படிகள் பாதங்களால் குழிந்து, மழைநீர் தேங்கிக் கிடக்கும். சுற்றிலும் செங்கல் முகப்புகள். உள்ளே போனால் கறுத்த மரச்சட்டங்கள் — கிழட்டு உடம்புக்குப் புதுச் சட்டை. ஆட்டுச் சந்து, வெண்ணெய்ச் சந்து என்று பெயர்கள் மிச்சம். ஆடும் வெண்ணெயும் எப்போதோ போய்விட்டன.

ஏதோ ஒரு காலத்து அரசன் அந்த ஊருக்கு ஒரு நாளைக் கொடுத்தான். வியாழக்கிழமை. அன்றைக்கு, நடந்து போகும் தூரத்தில் வேறெந்த ஊரும் சந்தை கூட்டக்கூடாது. கம்பளி வியாபாரம் வந்தது, போனது. ரயில் வந்தது, அதுவும் போனது. சூப்பர் மார்க்கெட் ஊருக்கு வெளியே வந்து குந்தியிருக்கிறது. மற்ற நாட்களில் சதுக்கம் வெறும் கார் பார்க்... ஆனால் வியாழன் விடியும்போது கார்கள் விலகும், மேசைகள் வரும். வராவிட்டால் உரிமை போய்விடும் என்ற பயம் அந்த ஊரின் எலும்புக்குள் இருக்கிறது.

வெள்ளவத்தைக்காரருக்கு இது விளங்காதா? நடைபாதையில் ஒருநாள் கூடை வைக்காதவர் மறுநாள் இடம் தேடுவார்.

சிலுவைக்குப் பக்கத்து மேசை ரவியுடையது. மட்டன் ரோல்ஸ். அவர்களுடைய வருமானம் அதுதான். தொடர்ந்து நாலு வியாழன் மேசை போடாவிட்டால், இடம் காத்திருப்பவருக்குப் போகும். மனைவியின் பெயருக்கு மாற்றலாம் — ஆனால் அதற்குள் அவள் ஒரு சந்தை நாளிலாவது நின்று விற்க வேண்டும். மூன்று வியாழன் கடந்துவிட்டது. துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி, நாலாவது வியாழனுக்கும் பிறகுதான்.

“முதலே ஆரையும் கேட்டிருக்கலாமே?” என்றேன் ஃபோனில் வதனியிடம்.

“ஆரை அண்ணா கேக்கிறது? ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரேல்ல. என்ன மாதிரிச் சனம் எண்டு விட்டிட்டு இருந்தனான்.”

பக்கத்து மேசையில் சீஸ் விற்கும் ஹெலன் பிறகுதான் அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்களாம். அவள் வராததைப் பார்த்து, மேசையைக் கைவிட்டாள் என்றே நினைத்தார்களாம். செத்த வீட்டுக்கு அழைக்காமலே போவது, வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது எங்கள் மரியாதை. அழைக்காமல் போகாதிருப்பது அவர்களுடையது. இரண்டு மரியாதைகளுக்கு நடுவே ஒரு மேசை கைநழுவப் பார்த்தது.

மாமி கதையைக் கடைசிவரை கேட்டார்.

“துடக்கு வீட்டில சமைச்சத ஊருக்கு விக்கிறதோ தம்பி? உம்மட தங்கச்சிக்கு விசரோ?”

“இந்த வியாழன் நிக்காட்டி இடம் போயிடும் மாமி.”

“போகட்டும். என்ர பிள்ளையே போயிட்டான். மேசை பெரிசோ?”

அரசனையும் வியாழனையும் பற்றி ஏதோ உளறினேன்.

“ராசா குடுத்ததோ... இஞ்ச எங்களுக்கு எந்த ராசா என்ன குடுத்தவன்?” என்றவர், பிறகு கேட்டார்: “அவன் நிண்ட இடத்தில இனி ஆர் நிப்பினம்?”

“ஃபோன் கவர் விக்கிற ஒராள் காத்துக்கொண்டு நிக்கிறாராம்.”

“ஃபோன் கவரோ.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போடவில்லை.

“இறைச்சி தொடக்கூடாது. மரக்கறி ரோல்ஸ் போடச் சொல்லும். கோட்டும் போடட்டும். அந்த மூலையில சரியான காத்து எண்டு அவன் சொல்லுறவன்.”

வியாழன். இங்கே மத்தியானம், அங்கே காலை. மாமியும் நானும் ஒரே ஃபோனுக்குள் குனிந்திருந்தோம். அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்திருந்தது ஹெலன். மேசைக்குப் பின்னால் வதனி, கறுப்புக் கோட்டில், சின்னதாக.

முதலில் வந்த மனிதர் வழமைபோல மட்டன் கேட்டார். வதனி ஹெலனைப் பார்த்தாள். ரவி இறந்துவிட்டார், இது அவருடைய மனைவி என்று ஹெலன்தான் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். மரக்கறி ரோல்ஸ் இரண்டை வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை. சிலுவைப் படியோரம் ஒதுங்கி நின்றார். அடுத்து வந்த பெண் வதனியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, அவளும் அங்கேயே நின்றாள். பிறகு இன்னும் சிலர். கையில் காகிதப் பையோடு நின்றார்கள்... அந்தக் குளிரில் யாரும் கலையவில்லை.

மாமி ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு மிக அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி,” என்றார், “வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்தவளோ எண்டு கேளும்.”