ரப்பர் காதில் சொன்னது

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் கச்சேரிக்குத் தவில் வாசிக்கப் போயிருந்தேன். கண்ணாடி மாட்டிப் பார்க்கும் வீடியோவுக்கு ஒலிப்பதிவு என்று சொல்லி, ஒரு பெண் காது வைத்த ரப்பர் தலையொன்றை என் பக்கத்தில் நிறுத்தினாள். அது வெறும் பொம்மை, உண்மையான மெஷின் அவள் பையில் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த ரப்பர் தலையோரம் சாய்ந்து நாதஸ்வரக்காரரிடம் மெல்லச் சொன்னேன்.

“அண்ணே, இவள் எங்கட கதைய ஒட்டுக்கேக்க வந்தவள். பாத்துக் கதையுங்க.”

“உன்ர கதையக் கேட்டா அவளுக்கு நித்திரைதான் வரும்.”

கச்சேரி முடிந்ததும் அவள் எனக்கு ஹெட்போன் மாட்டிவிட்டாள். யாரோ என் காதோரம் முணுமுணுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன், ஒருவருமில்லை. அது என் குரல். அந்த ரப்பர் காதுக்குள்தான் மைக் இருந்திருக்கிறது.

அவள் முகம் சிவந்திருந்தது. “அத வெட்டிருவன் அங்கிள். தவில் நல்லா வந்திருக்கு,” என்றாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த மன்னிப்பை எழுதவே இவ்வளவு நாளாயிற்று.

ஆவணி 14