ஒரு மூடி என்றால் எவ்வளவு?

இந்த வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய வாரம் தூக்கத்தைக் கெடுத்தது எது தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் மூடி.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்... மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக, இரண்டு ஏக்கர். அதில் சம்பா விதைத்திருந்தோம். நெல் நன்றாக முளைத்திருந்தது. கோரை அதைவிட நன்றாக முளைத்திருந்தது! கையால் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. களைக்கொல்லி அடித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் ஊரில் மருந்து அடிப்பவர் குணசேகரன் அண்ணன். பேட்டரி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினால் ஏறும்வரை நிற்கமாட்டார். குரலும் அப்படித்தான். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவில் இருப்பவர் "என்ன?" என்று கேட்பார். நான் நேர் எதிர். பேசுவதைவிடத் தலையாட்டுவது அதிகம். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்து பாட்டிலைத் திறந்துகொண்டே கேட்டார்.

"எப்பயும் போலதானே தம்பி? டேங்குக்கு ஒரு மூடி?"

தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் மருந்துக்கு மூடிதான் அளவு. மில்லிலிட்டர் கணக்கெல்லாம் பாட்டிலில் ஒட்டிய தாளில் இருக்கும். எறும்பு சைஸில் இருக்கும். அதை யார் படிப்பது? "ஒரு மூடி ஊத்து", "ரெண்டு மூடி ஊத்து"... இப்படித்தான் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பயிரும் விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு மூடி ஊற்றினார். வாய்க்கால் தண்ணீரை ஊற்றி டேங்கை நிரப்பினார். சட்டைப் பையில் செல்போன் பாட்டுப் பாட, வயலின் வடக்கு மூலையில் இறங்கிவிட்டார்.

வரப்பில் குடையை விரித்துக்கொண்டு என் மகள் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருடம். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் டெஸ்ட். யூனிட்டுகளை மாற்றுகிற கணக்கு. போட்டுக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"லிட்டர மில்லியா மாத்து, மில்லிய மைக்ரோவா மாத்து... மாத்திக்கிட்டே இருந்தா எப்பதாம்ப்பா கெமிஸ்ட்ரி நடத்துவாங்க?"

எனக்கென்ன தெரியும்? நான் பள்ளிக்கூடத்தை விட்டது அஞ்சாவதோடு. கிலோவும் லிட்டரும் வரைக்கும்தான் எனக்கும் அளவுகளுக்கும் பழக்கம். சிரித்து வைத்தேன்.

"போன டெஸ்ட்ல விடை கரெக்ட்டுப்பா. யூனிட் எழுதல. ஜீரோ போட்டுட்டாங்க. வெறும் ரெண்டுன்னு எழுதினா, என்ன ரெண்டு, வாழைப்பழமான்னு கேக்குறாங்க எங்க மேடம்."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த மருந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"ஆமா, ஒரு மூடின்னா எவ்வளவுப்பா?"

"ஒரு மூடின்னா... ஒரு மூடிதான்."

"எத்தனை எம்.எல்.?"

மூடியைக் கையில் எடுத்தேன். வழக்கமாக வாங்கும் கம்பெனி மருந்து அந்த வாரம் கடையில் இல்லை. "அதே மருந்துதான், கம்பெனி மட்டும்தான் வேற" என்று கடைக்காரர் இதைக் கொடுத்திருந்தார். பழைய பாட்டிலின் மூடிக்குள் என் சுண்டுவிரல் நுழையும். அவ்வளவுதான். இதில் கட்டைவிரலை விட்டேன். தாராளமாக உள்ளே போய் நின்றது.

அண்ணன் ஊற்றியது இந்த மூடியால்தான்.

"அண்ணே" என்றேன். பக்கத்தில் இருந்த தவளைக்குக்கூடக் கேட்டிருக்காது. கயல்விழி எழுந்து நின்று கத்தினாள். "பெரியப்பா! அடிக்காதீங்க! நிறுத்துங்க!" பாட்டுச் சத்தத்தில் அதுவும் எடுபடவில்லை.

வேறு வழி? வயலுக்குள் ஓடினேன். என் பயிரை நானே மிதித்துக்கொண்டு, சேற்றில் ஒரு தடவை மண்டி போட்டு எழுந்து, அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடா, பாம்பா?"

"மூடிண்ணே..."

"மூடி கடிச்சிடிச்சா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நேராக வரப்பேறி வந்தார். டேங்கில் பாதி இருந்தது. மீதிப் பாதி வடக்கு மூலைப் பயிர்மேல் இருந்தது.

கயல்விழி பாட்டில் தாளை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். ஹெக்டேருக்கு இருநூற்று ஐம்பது மில்லி என்று போட்டிருந்தது.

"ஹெக்டேரு பட்டாவுலதாம்மா இருக்கும். வயல்ல ஏது ஹெக்டேரு?" என்றார் அண்ணன்.

"ரெண்டரை ஏக்கர் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர், பெரியப்பா. அப்ப ஏக்கருக்கு நூறு எம்.எல். ஒரு ஏக்கருக்கு நீங்க எத்தனை டேங்க் அடிப்பீங்க?"

"பத்து."

"அப்ப டேங்குக்குப் பத்து எம்.எல்."

"சரி. இந்த மூடி எத்தனை எம்.எல்.?"

அதுதானே தெரியவில்லை! அளந்து பார்க்கலாம் என்றால் வயல்வெளியில் எதை வைத்து அளப்பது? மூன்று பேரும் ஒரு மூடியைச் சுற்றி நின்றோம்.

அப்போதுதான் ரோட்டில் ஹாரன் சத்தம். மீன்காரர் சலீம் பாய். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி, பெட்டிமேல் எலக்ட்ரானிக் தராசு. கயல்விழி குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தண்ணி ஒரு எம்.எல். இருந்தா எடை ஒரு கிராம்ப்பா! எடை போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்!"

பாய் வண்டியை ஸ்டாண்டு போட்டார். சேறும் சகதியுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, வாய்க்கால்ல மீன் புடிச்சீங்களா? எடை போடணுமா?"

"தண்ணி..." என்றேன்.

"தண்ணியா?"

"ஆமாங்க. தண்ணிய எடை போடணும்."

"புரட்டாசி மாசம், வியாபாரம் மந்தமாத்தான் இருக்கும்னு தெரியும். அதுக்காக மொத போணியே தண்ணியா?" என்று சிரித்தவர், மூடியைப் பார்த்ததும் தராசைக் கையால் மறைத்துக்கொண்டார். "மருந்து மூடிய இதுல வைக்காதீங்க. ஒரு ஆள் பாத்தா போதும், நாளைலேருந்து என் மீன எவனும் தொடமாட்டான்."

நியாயம்தானே? மூடியை நன்றாகக் கழுவினோம். கழுவின தண்ணீரையும் வீணாக்காமல் டேங்கிலேயே ஊற்றினார் அண்ணன். மூடி தராசைத் தொடாமல் இருக்க, பாய் ஒரு கேரி பேக்கை எடுத்துத் தராசுமேல் விரித்துப் பிடித்து, எண்ணைப் பூஜ்யமாக்கினார். ஒரு மூடி தண்ணீரை அதில் ஊற்றினோம்.

இருபத்தைந்து காட்டியது. முப்பது காட்டியது. மறுபடி இருபத்தைந்து.

"இதுக்கே ஒரு முடிவு தெரியல" என்றார் அண்ணன்.

"மீனுக்கு வச்ச தராசுங்க. அஞ்சஞ்சாத்தான் தாவும்" என்றார் பாய். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது அவருக்கு.

கயல்விழி யோசித்தாள். "பத்து மூடி ஊத்திப் பாத்து, வந்தத பத்தால வகுப்போம். தராசு அஞ்சு கிராம் முன்னபின்ன காட்டினாலும் பத்து பங்கா பிரிஞ்சு போயிரும்."

ஊற்றினோம். இருநூற்று ஐம்பது. எண் அசையவில்லை.

ஆக, ஒரு மூடி இருபத்தைந்து மில்லி. பத்து போட வேண்டிய இடத்தில் இருபத்தைந்து போட்டிருக்கிறோம்.

என் மனைவி சுமதி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், இதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்ப அந்தப் பயிரு?"

அண்ணன் வடக்கு மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"கருகிப்போனா இனிமே எப்ப விதைக்கிறது? மழை வந்துருமேங்க..."

அவள் கேட்டது சரிதான். மறுபடி விதைக்க விதைநெல்கூடக் கேட்டு வாங்கிவிடலாம். போன நாட்களை எங்கே வாங்குவது? அந்த மூலை போனால் இந்த வருடத்துக்குப் போனதுதான்.

குணசேகரன் அண்ணன் டேங்கில் மிச்சமிருந்த மருந்தை ஒரு டிரம்மில் கொட்டினார். டேங்கைக் கழுவி, அந்தக் கழுவல் தண்ணீரையும் டிரம்மிலேயே ஊற்றினார். பிறகு நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், மருந்து பட்ட மூலை முழுக்க அடித்து இலையை நனைத்துவிட்டு வந்தார். மருந்து காய்வதற்குள் கழுவிவிட்டால் கொஞ்சமாவது குறையும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அடுத்தது டிரம்மில் இருப்பது. பதினாறு லிட்டர் டேங்கில் பாதி. கழுவின தண்ணீரும் சேர்த்து எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? கயல்விழி செல்போனில் தட்டினாள்.

"மொத்தம் மூணேகால் லிட்டர் ஆக்கணும், பெரியப்பா."

"இருக்குறதே எட்டு லிட்டரு. அத மூணேகாலாக்கணும்னா அடுப்புல வச்சிக் காய்ச்சணுமா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைகீழாகப் பெருக்கியிருக்கிறாள். இந்தத் தடவை குச்சியால் வரப்பு மண்ணில் எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எம்.எல்., லிட்டர் என்று போட்டாள். "மேல ஒரு எம்.எல்., கீழ ஒரு எம்.எல்... ரெண்டும் அடிபட்டுப் போயி லிட்டர் மட்டும்தான் மிஞ்சணும்." அடித்தாள். இருபது லிட்டர் மிஞ்சியது. எட்டு இருக்கிறது, பன்னிரண்டு ஊற்ற வேண்டும்.

"இப்ப சொல்லு. இது மருந்து மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

மெடிக்கல் ஷாப்பிலிருந்து பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல், வாங்கி வந்தேன். எந்த சைஸ் என்று கடைப் பெண் கேட்டாள். நானே வாய் திறந்து "பத்து எம்.எல்." என்று அளவோடு சொன்னது அன்றைக்கு எனக்கே ஆச்சரியம். மீதி வயல் முழுவதும் அந்தச் சிரிஞ்சால் அளந்துதான் அடித்தோம். ஆனால் மூலையில் ஏற்கெனவே பயிர்மேல் விழுந்த மருந்தை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

யோசித்துப் பார்த்தால்... நாம் எல்லோரும் யூனிட் இல்லாமல்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். "ஒரு அரை வாங்கிட்டு வாங்க" என்று போனில் சொல்வாள் சுமதி. அரைக் கிலோவா, அரை லிட்டரா? கடைக்குப் போய் நின்ற பிறகுதான் சந்தேகம் வரும். எங்கள் ஊரில் ஒரே நிலத்துக்கு நான்கு கணக்கு. பேச்சில் மா, பட்டாவில் ஹெக்டேர், புரோக்கர் வாயில் சென்ட், பத்திரத்தில் சதுர அடி. எல்லாரும் எண்ணை மட்டும் சொல்கிறோம், எல்லாரும் தலையாட்டுகிறோம். எதிராளி மனதில் இருப்பதும் நம் மனதில் இருப்பதும் ஒன்றுதான் என்று ஒரு நம்பிக்கை! அந்த நம்பிக்கையில் பாதி, கேட்க வெட்கப்படுவதுதான். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என்னிடம் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் இப்போது கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதிய அளவை உங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மருந்து வேறு, உங்கள் மூடி வேறு. தாளைப் படியுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் வீட்டில் பிள்ளைகளிடம் செல்போன் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்த மூலை மஞ்சளித்தது. மற்ற இடமெல்லாம் கோரை மட்டும் வாட, பயிர் பச்சையாக நிற்கிறது. மூலையில் பயிரும் சேர்ந்து மஞ்சள். புதன்கிழமை இன்னும் மஞ்சள். சுமதி காலையில் எழுந்ததும் அங்கே போய்விட்டு வருவாள். வந்து ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். ஹாஸ்டலிலிருந்து கயல்விழி போன் செய்தால் "டெஸ்ட் நல்லா எழுதினேன்ப்பா" என்பதற்கு முன்னால் "அந்த மூலை?" என்பாள். "இருக்கும்மா" என்பேன்.

அடுத்த திங்கட்கிழமை சுமதி வேகமாக வந்தாள். காலைக்கூடக் கழுவவில்லை.

"குருத்து பச்சையா வருதுங்க. போய்ப் பாருங்க."

போனேன். பழைய இலை மஞ்சளாகத்தான் கிடந்தது. நடுவிலிருந்து புதிதாக ஒரு இலை, ஒவ்வொரு பயிரிலும். குனிந்து தொட்டுப் பார்த்தேன். நாலைந்து இடத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் பச்சை.

நிமிர்ந்தால், எதிர் வரப்பில் குணசேகரன் அண்ணன். அன்றைக்கு அவருக்கு எங்கள் பக்கத்தில் வேலையே கிடையாது. கையில் டேங்க் இல்லை, பையில் பாட்டு இல்லை. வரப்பில் அவர் செருப்புத் தடம் புதிதாகவும் இருந்தது, காய்ந்தும் இருந்தது. நாங்கள் எழுவதற்கு முன்னாலேயே தினமும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

பக்கத்தில் வந்து நின்றார். குருத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பிச்சோம்டா தம்பி" என்றார்.

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது, அதுதான் முதல் தடவை.