பாதி விலை நேரத்தில் முழு விலைக் கூடைகள்

1998 டிசம்பரில் பெங்களூர் அல்சூரில் என் மகள் படித்த பள்ளியில் நடந்த தர்ம விற்பனை அது. வசூல் ஒரு முதியோர் இல்லத்துக்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளில், 'தர்மத்துக்குத்தானே' என்று சொல்லிக் கைவினைப் பொருள்களை அடிமாட்டு விலைக்குக் கடனாக எடுத்து வருவார்கள். விற்காதவை செய்தவர்களிடமே திரும்பிப் போகும்.

அந்த ஆண்டு மகளின் ஒன்பதாம் வகுப்பில், செய்தவருக்கு உரிய விலை தரும் நியாய வணிகம் பற்றிப் பாடம் நடந்திருந்தது. "அப்பா, அப்போ தர்மம் பண்றது நாமளா, கூடை பின்றவங்களா?" என்று மகள் வீட்டில் கேட்டாள். வகுப்பே சேர்ந்து தலைமையாசிரியையிடம் போனது. மூங்கில் கூடை பின்னும் பெண்மணிக்கு அவர் சொன்ன விலையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஒரு கூடை மிஞ்சினாலும், நஷ்டம் வந்தாலும், அடுத்த ஆண்டு பழைய முறைதான்.

மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல மைக் முழங்கியது: "இனிமேல் எல்லாம் பாதி விலை!" கூடைகள் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. பாதி விலைக்கு விற்றால் முதல்கூடத் தேறாது.

தொம்மலூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா, பாதி விலைக்குக் குடு. மைக்ல சொல்லிட்டாங்கல்ல?"

"கூடைய மைக்கா ஆன்ட்டி பின்னிச்சு?" என்றாள் மகளின் தோழி.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்காமல் போனார்.

மகள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரும் பாதி விலையில் ஊறுகாய், பொம்மை, பழைய புத்தகம் என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைகளில் கொடுக்கும் பைகள் தீர்ந்துவிட்டிருந்தன. "ஏய், மேசையத் தூக்குங்கடி!" என்றாள். மேசை வாசல் கேட்டருகே போனது.

சற்று நேரத்தில் அதே அம்மா, இரண்டு ஊறுகாய் ஜாடிகளை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார்.

"ஆட்டோல எப்படி ஆன்ட்டி போவீங்க?" என்று கேட்டாள் மகள்.

"கெட்டிக்காரிடி நீ. குடு, முழு விலைக்கே குடு."

அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. கடைசிக் கூடைக்குத் தலைமையாசிரியையே வந்தார். "எனக்குப் பாதி விலைதானே?"

"இல்ல, மிஸ்." கோரஸாகச் சொன்னார்கள்.

அவர் முழு விலை கொடுத்தார். அடுத்த ஆண்டு கூடை பின்னும் பெண்மணிக்கு முன்பணம் அக்டோபரிலேயே போனது, கூடுதல் கூடைகளுக்கு.