வாசலோடு நின்றுபோன நடை

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே என்னுடையது அல்ல. அது பழகிப்போன செய்தி. சீனி வருத்தம் முதலில் ஒரு விரலைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு பாதத்தைக் கேட்டது. இப்படித் தவணை முறையில் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரேயடியாகத் தீர்த்துவிட்டார்கள். வீட்டில் சீனியில்லாத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காலி வீதிப் பேக்கரியில் நின்று கேக் தின்ற ஆள் நான், ஆகவே அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. என் முறைப்பாடு வேறு. அந்த இடத்தில் பூட்டியிருந்த புதுக் காலைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள். காரணம், நான் நடக்கவில்லையாம்.

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றில், வேறொருவர் வீட்டின் முன் ஹோலில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். என் பழைய பொய்க்கால் சப்பாத்துக்கு அளவெடுத்துச் செய்தது. சப்பாத்தின் குதி உயரம் இருந்தால் நேராக நிற்கும். கழற்றிவிட்டால் ஆளைப் பின்னால் சாய்க்கும். வீட்டிலும் கோயிலிலும் வகுப்பிலும் யார் சப்பாத்தோடு நிற்கிறார்கள்? பிள்ளையாருக்கு முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘சொல்லும், என்ன விசயம்?’ என்று விசாரிப்பவன் போல நிற்பேன். ஐயர் விபூதி தரும்போது ஒரு மாதிரிப் பார்ப்பார். வகுப்பில் அந்தச் சாய்வோடு கரும்பலகையில் எழுத முடியாது. கதிரையில் இருந்து படிப்பிப்பேன். நான் உட்கார்ந்தால் கடைசி வரிசைப் பின்வாங்கு முழுவதும் மேசையில் தலைவைத்துப் படுத்துவிடும். அது எழும்புவதற்குள் திரிகோண கணிதம் முடிந்துவிடும்.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சி வந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகக்காரர்களும் வெளிநாட்டுக் குழு ஒன்றும் சேர்ந்து புதுவிதமான கால் ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். அந்தக் காலில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதை அமத்தினால் பாதம் தன் சாய்வை மாற்றிக்கொள்ளும், வெறும் தரையிலும் நேராக நிற்கலாம். முதல் நாள் பிள்ளையாருக்கு முன்னால் மரியாதையாக நின்றேன். வகுப்பில் கரும்பலகையின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை நடந்தேன். பின்வாங்கில் ஒருவன் என்னைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான்.

ஒப்பந்தமும் நியாயமானதுதான். காலை நன்றாகப் பாவிக்கிறவருக்கு அது சொந்தம். பாவிக்காதவரிடமிருந்து எடுத்து, காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுப்பார்கள். நான் எவ்வளவு நடக்கிறேன் என்று அறிய என் சப்பாத்துக்குள் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். அது அடிகளை எண்ணி என் கைத்தொலைபேசி வழியாக அவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சில கிழமைகளில் ஆராய்ச்சிக் குழுவில் வேலை செய்த, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், கால் நோகுதா?”

“இல்லையே பிள்ளை. அது இருக்கிறதே மறந்துபோகுது.”

“அதுதான் அங்கிள் பிரச்சினை. மறந்துட்டீங்க போல. நீங்க நடக்கிறதே இல்லை எண்டு கொம்பியூட்டர் காட்டுது.”

“நானோ? வகுப்பில நான் நடக்கிற நடைக்குப் பிள்ளையள் கழுத்து நோகுது எண்டு சொல்லுதுகள்!”

அவள் நம்பவில்லை. கதிரையில் இருந்துகொண்டு கதை விடும் கிழவன் என்று நினைத்திருக்க வேண்டும். நேரில் வருவதாகச் சொன்னாள்.

அவள் வந்தபோது நானும் வகுப்பு முடிந்து வந்து வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவளும் கதைத்தபடியே தன் செருப்பைக் கழற்றி என் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். நான் பொத்தானை அமத்திவிட்டு, ஹோலில் நடந்து காட்டினேன். குசினிவரை போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். அவள் மடியில் வைத்திருந்த கணினியைப் பார்த்தபடியே இருந்தாள்.

“அங்கிள், நீங்க நடக்கிறீங்க. இதில ஒண்டும் விழேல்லை.”

“தகடு பழுதோ?”

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் சப்பாத்தும் அவள் செருப்பும் ஒன்றாக இருந்தன.

“ஐயோ,” என்றாள்.

என் நடை முழுவதும் வாசலுக்கு உள்ளே. எண்ணுகிற தகடு வாசலுக்கு வெளியே. என் சப்பாத்துக்குத் தெரிந்த உலகம் ஆட்டோவில் ஏறுவதும் இறங்குவதும்தான். வெறுங்காலுக்கென்று பொத்தான் வைக்க யோசித்த மூளைகள், தகட்டைக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்குள் வைத்திருக்கின்றன. அவளைக் குறை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் தினமும் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவன் நான். ஊர்ப் பிள்ளைகளின் கணக்கில் எல்லாம் பிழை கண்டுபிடிக்கிற வாத்தியார்.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். தகட்டை நேரே காலில் ஒட்டலாமா என்று கேட்டாள். பரீட்சை நடுவில் முறையை மாற்ற முடியாது, வேண்டுமானால் அவர் வீட்டுக்குள்ளும் சப்பாத்துப் போடட்டும் என்று பதில் வந்தது. எவ்வளவு சுலபம்! அதை எழுதியவர் என் மனைவியைக் கண்டதில்லை.

“இஞ்சேருங்கோ, ரோட்டில மிதிச்ச சப்பாத்தோட சாமித்தட்டுக்கு முன்னால நடப்பீங்களோ?”

“ஆராய்ச்சிக்காகத்தானே,” என்றேன்.

“ஆராய்ச்சிக்காரர் வந்து நிலம் துடைப்பினமோ?”

“கால் போயிடும்.”

காலை வெட்டிய நாட்களில் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்தவள் அவள். குசினிக்குப் போய் ஒரு வாளியும் டெட்டோல் போத்தலும் பழைய துணியும் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் வாசலில் கதிரை போட்டு இருந்து, லாடம் அடிக்கக் கொண்டுவந்த குதிரையைப் போலக் காலைத் தூக்கிக் கொடுப்பேன். அவள் சப்பாத்தின் அடியைத் தேய்த்துத் துடைப்பாள். இரண்டு சப்பாத்தையும்தான். ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தால் நடை நொண்டும் அல்லவா. எங்கள் தொடர்மாடியில் மேலே போகிற ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வகுப்பில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைத் தாண்டி நான் மட்டும் சப்பாத்தோடு போனேன். “சேர், சப்பாத்து!” என்று முன்வாங்கு கத்தியது. வீட்டுக்கார அம்மா கரும்பலகையின் கீழே பழைய பேப்பர் விரித்துவிட்டார். நான் செய்திகளை மிதித்து மிதித்துப் பைதகரசைப் படிப்பித்தேன். கோயிலில் மட்டும் சப்பாத்துக்கு அனுமதி கேட்கவில்லை. அந்த அடிகளை ஆராய்ச்சிக்கு இல்லாமல் பிள்ளையாருக்கே விட்டுவிட்டேன்.

மாத முடிவில் பிள்ளை மறுபடியும் தொலைபேசி எடுத்தாள். குரல் சரியில்லை.

“அங்கிள், இப்ப கூடிப்போச்சுதாம்.”

“என்ன கூடிப்போச்சு?”

“நடை. நடக்காத ஆள் திடீரெண்டு இவ்வளவு நடக்க ஏலாது எண்டு கொம்பியூட்டர் உங்கட கணக்கைப் பிழை எண்டு தள்ளிப்போட்டுது. யாரோ வேற ஆள் சப்பாத்தைப் போட்டு நடந்திருக்கினம் எண்டு நினைக்கினம்.”

“ஆர் போட்டது? என்ர மனுசியோ?”

“நான் எல்லாம் விளங்கப்படுத்தினனான் அங்கிள். கேக்கினம் இல்லை. நடக்காத ஆள் எண்ட பழைய கணக்குத்தான் நிக்குமாம், காலைத் திருப்பித் தரட்டாம்.”

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சொற்களை எல்லாம் விழுங்கினேன். அவை இன்னும் செமிக்கவில்லை.

காலைக் கொடுக்க அவர்களுடைய நிலையத்துக்குப் போனேன். பழைய காலை ஒரு துணிப்பையில் போட்டு மனைவி தூக்கி வந்தாள். பரிசோதனை அறையின் கதவில் மூன்று மொழியிலும் பலகை தொங்கியது: காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். கீழே, டொக்டர்மாரின் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன.

நான் மனைவியைப் பார்த்தேன். “இஞ்ச டெட்டோல் இல்லையோ எண்டு கேளுங்கோ,” என்றாள்.

சப்பாத்தைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்தேன். பொத்தானை அமத்தினேன். நீளமான அறை, பளிங்குத் தரை. மறுபக்கத்து மேசைவரை நிமிர்ந்து நடந்தேன். பெரிய டொக்டர் எழும்பியே விட்டார்.

“ஹரி லஸ்ஸனட்ட எவிதினவனே!” என்றார். எவ்வளவு அழகாக நடக்கிறீர்கள் என்று சிங்களத்தில் பாராட்டு.

அப்படியென்றால் காலை நானே வைத்திருக்கலாமா என்று என் ஓட்டைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். கையை விரித்தார். தான் கண்ணால் கண்டதை எங்கே எழுதுவது, அதற்கு இடமே இல்லையே என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். பழைய காலைப் பூட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் சாய்ந்து, அந்த அறையில் இருந்த எல்லோரையும் ‘என்ன விசயம்?’ என்று விசாரிப்பவன் போலப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். இந்த முறை உண்மையாகவே விசாரித்தேன்.

வாசலில் சப்பாத்தைப் போட்டு, ஆட்டோ பிடித்து, வீடு வந்து, கழற்றும்போதுதான் கவனித்தேன். தகடு உள்ளேயே இருந்தது. காலை வாங்கிக்கொண்டவர்கள் எண்ணுகிற சாமானை மறந்துவிட்டார்கள். அது வாசலுக்கு வெளியே கிடந்தது, அவர்கள் உள்ளே இருந்தார்கள்.

இப்போது கதிரையில் இருந்துதான் படிப்பிக்கிறேன். பின்வாங்கு பழையபடி படுத்துவிட்டது. நேற்று பிள்ளை தொலைபேசி எடுத்தாள். தகட்டைத் திருப்பித் தர வேண்டுமாம். அது இன்னும் என் அடிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறதாம்.

“எங்க அங்கிள் வச்சிருக்கிறீங்க?”

“வாசல்லதான் பிள்ளை. உங்கட பெரிய ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. உள்ளுக்கு வரேக்க கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ.”