மாடு முகர்ந்து பார்த்த கன்று

பிரெஞ்சுக்காரர் ஆண்ட சமயம். விழுப்புரம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, வில்லியனூரில் ஒரு பண்ணைக்குப் பால் கறக்கப் போனேன். எனக்கு அது அந்நிய தேசம்தான். புது ஆளான என்னிடம் மேஸ்திரி தேனாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே ஒரு பசுவின் கன்று செத்திருந்தது. அதன் தோலில் வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள். அதை நக்கிக்கொண்டே மாடு பால் சுரக்கும். தூக்கிப்போனால் பின்னாலேயே வரும்.

ஒருநாள் மேஸ்திரி, "வைக்கோலை மாத்தித் தச்சிருக்கேன். மாட்டையும் கன்னையும் முதலாளி பொண்ணு வூட்ல வுட்டுட்டு வாப்பா. நீ அந்தப் பக்கத்து ஆளு, சுங்கச் சாவடியில இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

கன்றைத் தோளில் போட்டேன், கனத்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. வழியெல்லாம் இழுத்துக்கொண்டே போனேன். சாவடி கண்ணில் பட்டதும் சந்தேகம் தாங்காமல் வரப்பில் இறங்கித் தையலைப் பிரித்தேன். உள்ளே பிராந்திப் புட்டிகள்!

திரும்பிப் போய் மேஸ்திரி முன்னால் இறக்கினேன்.

"இன்னாடா, வந்துட்ட?"

"மாடு இதக் கன்னுன்னு ஒத்துக்கல, மேஸ்திரி."



இன்றுவரை யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அந்த மாட்டைவிட நான் ஏமாளியாக இருக்க முடியாது.